மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மாதிரியில் மெஷ் ஏன் சொன்ன அளவைக் கேட்பதில்லை?

நாகர்கோவில் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு படிக்கும் தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் ஒரு கண்ணை, அதாவது இரண்டு தூண்களையும் அவற்றுக்கு இடையிலுள்ள தொட்டியையும், திட மாதிரியாக வரைந்து ஜிமெஷ் மென்பொருளில் மெஷ் போடுகிறார், அதாவது கணக்கிடுவதற்காக அதை எலிமெண்ட் எனும் சிறுசிறு துண்டுகளாகப் பிரிக்கிறார். தொட்டி 12 மீட்டர் நீளம், சுவரும் தரையும் 20 சென்டிமீட்டர் தடிமன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். தொட்டி தூணில் உட்காரும் இடங்களின் புள்ளிகளுக்கு 2 செ.மீ. என்று அளவு கொடுத்தார். மற்ற இடங்களில் 20 செ.மீ. வரட்டும் என்று மெஷ் அளவின் மேக்ஸிமம் மதிப்பை 20 ஆக வைத்தார். வளைவுகள் நன்றாக வரட்டும் என்று வளைவு சார்ந்த அளவில் 20 என்று போட்டார். வந்ததோ, தொட்டி முழுவதும் பொடிப்பொடியான மெஷ். எலிமெண்ட் எண்ணிக்கை கோடியைத் தாண்டுகிறது, மடிக்கணினி உறைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, 2 செ.மீ. கேட்ட இடத்தில் அதைவிடச் சிறிய எலிமெண்ட்கள் வேறு தெரிகின்றன. மென்பொருளில் கோளாறா என்று கேட்கிறார்.

கோளாறு இல்லை தம்பி. நீங்கள் கேட்டதைத்தான் அது கொடுத்திருக்கிறது. 20 செ.மீ. வேண்டும் என்று நீங்கள் எந்த இடத்திலும் கேட்கவே இல்லை.

மேக்ஸிமம் என்பது ஓர் உச்சவரம்பு. 20 செ.மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றுதான் அதற்குப் பொருள், 20 செ.மீ. இருக்க வேண்டும் என்று அல்ல. வேறு யாராவது 2 செ.மீ. கேட்டால் உச்சவரம்பு அதைத் தடுக்காது. அப்படியானால் தொட்டியின் நடுவில் 2 செ.மீ. கேட்டது யார்? நீங்கள்தான், தெரியாமலே. புள்ளிகளில் கொடுக்கும் அளவை ஜிமெஷ் கோட்டின் வழியே நேர்விகிதத்தில் பரப்புகிறது. ஒரு முனையில் 2, மறுமுனையில் 20 என்றால் நடுவில் 11. உங்கள் தொட்டியின் 12 மீட்டர் நீள விளிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு முனைகளும் தூண்களின் மேல் இருக்கின்றன. இரண்டுக்கும் 2 செ.மீ. கொடுத்திருக்கிறீர்கள். 2க்கும் 2க்கும் நடுவில் 2தானே வரும்? ஆகவே அந்த ஒரு விளிம்பே 600 துண்டுகளாகிவிட்டது. இடையில் வேறு புள்ளி எதுவும் இல்லாததால் "இங்கே பெரிதாக இருக்கலாம்" என்று சொல்ல ஆள் இல்லை.

அடுத்தது, விளிம்பில் வந்த அளவு உள்ளேயும் பரவும். ஜிமெஷ் முதலில் கோடுகளைத் துண்டாக்குகிறது, பிறகு பரப்புகளை முக்கோணங்களால் நிரப்புகிறது, கடைசியில் கன அளவை நான்முகிகளால் நிரப்புகிறது. விளிம்பின் அளவை உள்ளே பரப்பும் ‘எக்ஸ்டெண்ட் ஃப்ரம் பவுண்டரி’ என்ற அமைப்பு, நீங்கள் தொடாவிட்டால் இயங்கும் நிலையில்தான் இருக்கும். பெரும்பாலான வேலைகளுக்கு அது நல்லதுதான். ஆனால் 20 செ.மீ. தடிமனுள்ள சுவரில் இரண்டு பக்கமும் 2 செ.மீ. என்றால் உள்ளே பெரிதாக இடமே கிடையாது.

கணக்கு எவ்வளவு வரும் என்று கையால் பாருங்கள். தொட்டியின் உள்ளளவு 7.5 அடி அகலம், 7 அடி உயரம். உங்கள் தடிமன்படி குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய 1.4 சதுர மீட்டர், 12 மீட்டருக்கு சுமார் 16.7 கன மீட்டர் கான்கிரீட். எல்லாப் பக்கமும் சமமான நான்முகியின் கன அளவு, பக்க நீளத்தின் முக்கனத்தில் 0.118 பங்கு. 2 செ.மீ. என்றால் தொட்டிக்கு மட்டும் ஏறத்தாழ 1.77 கோடி எலிமெண்ட்கள். 20 செ.மீ. என்றால் 17,700 தான். பத்து மடங்கு சிறிதாக்கினால் ஆயிரம் மடங்கு பெருகும். பாதியாக்கினாலே எட்டு மடங்கு. உங்களுக்கு வந்த எண்ணிக்கை இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது என்பதே காரணம் இதுதான் என்பதற்குச் சான்று. மெஷ் போடும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே இந்தப் பெருக்கலைச் செய்யும் பழக்கம் இருந்தால் மடிக்கணினி தப்பித்திருக்கும்.

2 செ.மீட்டரைவிடச் சிறிதாக வருவதற்கு இரண்டு விதமான காரணம் இருக்கலாம். ஒன்று, வெறும் இயல்பு. அளவு என்பது இலக்கு மட்டுமே. 2 கேட்டால் ஏறக்குறைய 1.4 முதல் 2.8 வரை நீளமுள்ள பக்கங்கள் வருவதை யாரும் குறையாகக் கொள்வதில்லை. மற்றொன்று, வளைவில் நீங்கள் போட்ட 20. அதன் பொருள், ஒரு முழு வட்டத்துக்கு 20 எலிமெண்ட் என்பது. தூணின் தலைப்பகுதியில் 5 செ.மீ. ஆரமுள்ள வளைவு வைத்திருக்கிறீர்கள் என்றால் சுற்றளவு 31.4 செ.மீ.; அதை 20ஆல் வகுத்தால் 1.57 செ.மீ. அங்கே உங்கள் 2 தோற்றுப்போய் 1.57 வெல்லும்.

ஏனென்றால் ஜிமெஷ்ஷில் பலர் கேட்கும்போது மிகச் சிறிய அளவைக் கேட்டவர் சொல்வதே சட்டம். புள்ளி ஒன்று கேட்கும், வளைவு ஒன்று கேட்கும், விளிம்பிலிருந்து பரவுவது ஒன்று, எந்த இடத்தில் எவ்வளவு என்று நீங்களே வரையறுக்கும் அளவுப் புலம் ஒன்று. ஒவ்வோர் இடத்திலும் இவற்றில் சிறியதை எடுத்து, மினிமம் – மேக்ஸிமம் வரம்புக்குள் பொருத்தி, கடைசியில் ஒரு பெருக்கெண்ணால் பெருக்குகிறது. மெஷ் எதிர்பார்த்ததைவிடப் பொடியாக வந்தால் "எந்த எண்ணை ஏற்றலாம்" என்று தடவிக்கொண்டிருக்காதீர்கள். "இந்த இடத்தில் மிகச் சிறியதைக் கேட்டது யார்" என்று தேடுங்கள். டிரான்ஸ்ஃபைனைட் என்று குறித்த கோடுகள் மட்டும் இந்தச் சட்டத்துக்கு வெளியே. அங்கே நீங்கள் சொன்ன துண்டு எண்ணிக்கைதான், வேறு யார் பேச்சும் எடுபடாது.

இனி, செய்யவேண்டியதற்கு வருகிறேன். அளவைப் புள்ளிகளிலிருந்து முழுவதுமாக எடுத்துவிடுங்கள். புள்ளிகளிலிருந்து அளவு, வளைவிலிருந்து அளவு, விளிம்பிலிருந்து பரப்புதல் ஆகிய மூன்றையும் சுழியமாக்கிவிட்டு, அளவை ஒரே ஓர் அளவுப் புலத்தின் கையில் கொடுங்கள். முதலில் ‘டிஸ்டன்ஸ்’ புலம்: தொட்டி தூணில் சேரும் விளிம்புகளிலிருந்து ஒவ்வோர் இடமும் எவ்வளவு தூரம் என்பதை அது கணக்கிடும். அதன்மேல் ‘த்ரெஷோல்ட்’ புலம்: இவ்வளவு தூரம்வரை 2 செ.மீ., அதற்கு அப்பால் மெல்ல வளர்ந்து இவ்வளவு தூரத்தில் 20 செ.மீ., பிறகு 20 ஆகவே தொடரட்டும் என்று நான்கு எண்கள் கொடுக்கலாம்.

குளச்சல் பக்கம் கரமடி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலையின் இரண்டு சிறகுகளிலும் கண் பெரிதாக இருக்கும். மீன் வந்து சேரும் மடியை நெருங்க நெருங்கச் சிறுத்துக்கொண்டே வரும். நல்ல மெஷ்ஷும் அப்படித்தான்: விடை சேரும் இடத்தில் சிறிது, அதை நோக்கி வரும் வழியெல்லாம் படிப்படியான மாற்றம்.

படிப்படியாக என்றால் எவ்வளவு? இதைப் பலரும் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். தேவையில்லை, எளிய கணக்கு இருக்கிறது. அளவு தூரத்தோடு நேர்விகிதத்தில் வளர்ந்தால், அந்தச் சாய்வோடு 1ஐக் கூட்டினால் கிடைப்பதே அடுத்தடுத்த எலிமெண்ட்களுக்கு இடையிலான வளர்ச்சி விகிதம். கட்டமைப்பு வேலைக்கு 1.2 வசதியான விகிதம். 2லிருந்து 20க்கு 18 செ.மீ. வளர வேண்டும், 18ஐ 0.2ஆல் வகுத்தால் 90. முதல் 15 செ.மீட்டரை 2 ஆகவே வைத்துக்கொண்டால், 105 செ.மீ. தூரத்தில் 20 ஆகட்டும் என்று கொடுக்கலாம். அவசரப்பட்டு 30 செ.மீ. தூரத்துக்குள் 20 ஆக்கினால் சாய்வு ஒன்றைத் தாண்டிவிடும். ஒவ்வோர் எலிமெண்டும் பக்கத்து எலிமெண்டைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். நான்முகிகள் கோணலாகும், அந்த இடத்துத் தகைவு (ஸ்ட்ரெஸ்) நம்பத்தக்கதாக இருக்காது.

இதன் பலன் தூணில்தான் நன்றாகத் தெரியும். மாத்தூரின் உச்ச உயரமான 115 அடியை ஏறத்தாழ 35 மீட்டர் தூண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே 2, அடியில் 20 என்று புள்ளிகளில் மட்டும் கொடுத்தால் ஒரு விளிம்பில் சுமார் 448 துண்டுகள் விழும். மேலே சொன்ன புலத்தில் சுமார் 190. இது ஒரு கோட்டில் மட்டும். கன அளவில் வித்தியாசம் இன்னும் பன்மடங்கு. தூணின் நடுவில் சுவையான எதுவும் நடப்பதில்லை. நேர் அமுக்கம், சுமையால் கொஞ்சம் வளைதல், அவ்வளவுதான். அங்கே 11 செ.மீ. வைப்பது வீண்செலவு.

டிஸ்டன்ஸ் புலத்தில் ஒரு கண்ணி உண்டு. அது ஒரு கோட்டிலிருந்து தூரத்தை அளக்கும்போது கோடு முழுவதையும் பார்ப்பதில்லை. கோட்டின் மேல் சில மாதிரிப் புள்ளிகளை வைத்து அவற்றிலிருந்து அளக்கிறது. நீங்கள் மாற்றாவிட்டால் ஒரு கோட்டுக்கு 20 புள்ளிகள். குட்டையான விளிம்புக்கு அது போதும். பிற்பாடு, சுவரும் தரையும் சேரும் உள்மூலையை, 12 மீட்டர் நீளத்துக்கும் பொடியாக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். அப்போது மாதிரிப் புள்ளிகளுக்கு இடையே 60 செ.மீட்டருக்கு மேல் இடைவெளி விழும். 15 செ.மீ. வரைதானே 2 கேட்டிருக்கிறீர்கள்? மெஷ் மணிமாலை போலப் புள்ளிக்குப் புள்ளி பொடியாகவும் நடுநடுவே பருமனாகவும் வரும். பலர் அதையும் மென்பொருளின் கோளாறு என்றே நினைக்கிறார்கள். மாதிரிப் புள்ளிகளின் எண்ணிக்கையை 200 ஆக்குங்கள்.

இன்னொன்று: மெஷ் அளவுக்கு ஜிமெஷ் பார்க்கும் பின்னணிப் புலம் என்று ஒன்றைத்தான் அறிவிக்க முடியும். தூண் முனைக்கு ஒன்று, உள்மூலைக்கு ஒன்று என்று இரண்டு த்ரெஷோல்ட் எழுதிவிட்டு, இரண்டையும் அடுத்தடுத்துப் பின்னணியாக அறிவித்தால் கடைசியில் அறிவித்தது மட்டும்தான் நிற்கும். இரண்டையும், சிறியதை எடுக்கும் ‘மின்’ (மினிமம்) புலத்தில் சேர்த்து, அந்த மின்னைப் பின்னணியாக அறிவியுங்கள்.

இதற்குப் பிறகும் எங்காவது பொடியாக வந்தால் வரைபடத்தைச் சந்தேகியுங்கள். வரைகலை மென்பொருளிலிருந்து ஸ்டெப் எனும் பரிமாற்றக் கோப்பாக எடுத்துவரும்போது 3 மில்லிமீட்டர் நீளமுள்ள உதிரி விளிம்பு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். ஒரு விளிம்பில் குறைந்தது ஓர் எலிமெண்டாவது நிற்க வேண்டும். அது 3 மி.மீட்டராகத்தான் இருக்கும். எந்த அளவு அமைப்பும் அதைப் பெரிதாக்காது. வரைபடத்தைத் திருத்துவதைத் தவிர வழியில்லை. அலகையும் ஒருமுறை பாருங்கள். ஸ்டெப் கோப்பை ஜிமெஷ் மில்லிமீட்டரில்தான் வாசிக்கும், வேறு சொல்லாவிட்டால். மீட்டர் என்று நினைத்து 0.2 என்று போட்டால் 0.2 மி.மீ. ஆகிவிடும், உங்கள் விஷயத்தில் அது நடக்கவில்லை, நடந்திருந்தால் கோடியோடு நிற்காது.

இவற்றையெல்லாம் தேடும்போது முப்பரிமாண மெஷ்ஷுக்கு நேராகப் போகாதீர்கள். விசைப்பலகையில் 1ஐ அழுத்தினால் கோடுகள் மட்டும் துண்டாகும். அதைப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும்: 12 மீட்டர் விளிம்பு முழுக்க மையால் இழுத்ததுபோல் கறுத்திருக்கும். பிறகு 2, அது சரியாக இருந்தால் 3. வெறும் கோடுகளுக்கு நொடிகூட ஆகாது.

இதுவரை சொன்னது கேட்ட அளவை எப்படி வாங்குவது என்பது. கேட்கும் அளவு சரியா என்பது வேறு கேள்வி. உங்கள் 2, 20 இரண்டிலும் எனக்கு ஐயம் உண்டு.

20 செ.மீ. சுவரில் 20 செ.மீ. எலிமெண்ட் என்றால் தடிமனுக்குக் குறுக்கே ஒன்றே ஒன்று. அது நான்கு நோடு (கணக்குப் புள்ளி) உள்ள முதல் வரிசை நான்முகியாக இருந்தால், அதற்குள் தகைவு மாறவே மாறாது. நீரழுத்தத்தில் வளையும் சுவருக்கோ உள்பக்கம் இழுவிசை, வெளிப்பக்கம் அமுக்கம். ஒரே எண்ணால் இரண்டையும் சொல்ல முடியாது. சுவர் உண்மையில் இருப்பதைவிட மிக விறைப்பாகத் தெரியும், இடப்பெயர்ச்சி குறைவாகக் காட்டும். படம் அழகாக வண்ணத்தில் வருவதால் யாரும் சந்தேகப்படுவதும் இல்லை. பத்து நோடு உள்ள இரண்டாம் வரிசை எலிமெண்டுக்கு மாறுங்கள், தடிமனுக்குக் குறுக்கே இரண்டாவது வரும்படி சுவரில் 10 செ.மீ. வையுங்கள். முதல் வரிசையைப் பொடியாக்கிக்கொண்டே போவதைவிட இது பலமடங்கு மலிவு.

உண்மையில் என்னைக் கேட்டால் தொட்டிக்கு நான்முகியே வேண்டாம் என்பேன். 12 மீட்டருக்கும் ஒரே குறுக்குவெட்டு. நீளவாக்கில் எதுவும் வேகமாக மாறுவதில்லை. குறுக்குவெட்டை நாற்கரங்களாகப் பிரித்து நீளவாக்கில் இழுத்து, 30 செ.மீட்டருக்கு ஓர் அடுக்கு என்று அறுமுகிகளாக்கினால் சில ஆயிரம் எலிமெண்ட்களில் வேலை முடியும். தூணோடு சேரும் பகுதியை வெட்டித் தனிப் பகுதியாக்குவது கொஞ்சம் உழைப்பு கேட்கும், அவ்வளவுதான்.

2 செ.மீட்டரைப் பற்றிய ஐயம் வேறு வகை. சுவரும் தரையும் 90 பாகைக் கூர்மையான உள்மூலையாகச் சேர்வதுபோல் வரைந்திருக்கிறீர்கள். மீள்தன்மைக் கோட்பாட்டின்படி அந்த மூலையில் தகைவு முடிவிலி. 2 செ.மீ. வைத்தால் ஓர் எண் வரும்; 1 செ.மீ. வைத்தால் ஏறக்குறைய 37 சதவீதம் கூடும், அரை செ.மீ. வைத்தால் மறுபடியும் 37 சதவீதம். எங்கும் நிற்காது. மூலையின் உச்சத் தகைவை அறிக்கையில் எழுதினால், நீங்கள் எழுதுவது கான்கிரீட்டைப் பற்றி அல்ல, உங்கள் எலிமெண்டின் அளவைப் பற்றி. மூலையில் சாய்வாகக் கான்கிரீட் நிரப்பும் ஹான்ச் இருந்தால் அதை உள்ளபடி வரையுங்கள். இல்லையென்றால் மூலையை விட்டுத் தள்ளி, சுவரின் வெட்டுமுகத்தில் தகைவைத் தொகுத்து வளைவுத் திருப்புத்திறனாக (பெண்டிங் மொமெண்ட்) எடுங்கள். அது மெஷ் அளவுக்கு அவ்வளவாக அசையாது. கம்பி கணக்கிடவும் அதுதான் வேண்டும்.

அந்தத் திருப்புத்திறனைக் கையாலும் சரிபார்க்கலாம். தொட்டி நிறையத் தண்ணீர் என்றால் 7 அடி, அதாவது 2.13 மீட்டர். அடியில் அழுத்தம் சுமார் 20.9 கிலோபாஸ்கல். சுவரை மேல்முனையில் பிடிப்பில்லாத தாங்கியாக எடுத்தால் அடியில் மீட்டருக்கு 15.8 கிலோநியூட்டன் மீட்டர் திருப்புத்திறன். விரிசல் விடாத 20 செ.மீ. வெட்டுமுகத்தில் அது சுமார் 2.4 மெகாபாஸ்கல் தகைவு. மேலே குறுக்குச் சட்டங்களை வரைந்திருந்தால் இது குறையும். உங்கள் மாதிரி 0.3 என்றோ 25 என்றோ காட்டினால் மெஷ்ஷைத் தொடுவதற்கு முன் சுமையையும் அலகையும் பாருங்கள்.

மெஷ் போதுமா என்று காட்டச் சொல்லி வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். அதற்குக் கடைசியாகப் பெருக்கப்படும் அந்தப் பெருக்கெண்ணைப் பயன்படுத்துங்கள். புலங்களை அப்படியே விட்டுவிட்டு, பெருக்கெண்ணை 2, 1.4, 1 என்று மாற்றி மூன்று முறை ஓட்டினால் படிப்படியான அமைப்பு குலையாமல் மொத்த மெஷ்ஷும் சிறுக்கும். வரம்புக்குப் பிறகுதான் அது பெருக்கப்படுகிறது என்பதால் மேக்ஸிமம் குறுக்கே நிற்காது. ஒவ்வொரு முறையும் தொட்டி நடுவின் தாழ்வையும் சுவரடித் திருப்புத்திறனையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் அசையாமல் நின்றால் போதும். எலிமெண்ட் எண்ணிக்கையை மட்டும் பெரிதாகக் காட்டி மெஷ் நன்று என்று வாதிடாதீர்கள்.

அன்சிஸ், அபாகஸ் போன்ற வேறு மென்பொருள்களுக்குப் போனாலும் பெயர்கள்தான் மாறும்: மொத்த அளவு, விளிம்பில் விதைக்கும் அளவு, வளைவு, நெருக்கம், வளர்ச்சி விகிதம். யாருடைய பேச்சு வெல்லும் என்ற சட்டம் மட்டும் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். கையேட்டில் முதலில் அதைத் தேடுங்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தூண்களில் மோதுவதையும் பிறகு பார்க்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். பார்க்கலாம், ஆனால் இந்த மெஷ்ஷை வைத்து அல்ல. அங்கே மெஷ் போட வேண்டியது கான்கிரீட்டுக்கு அல்ல, அதைச் சுற்றியுள்ள காற்றுக்கு. தூணின் பரப்பை ஒட்டிய முதல் அடுக்கின் உயரத்தைக் காற்றின் வேகமும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் கொந்தளிப்பு மாதிரியும் தீர்மானிக்கும். தூணின் முதுகுப்புறம் சுழல்கள் நீண்டு ஓடுமிடத்திலும் பொடியாக்க வேண்டும். அதற்கு ‘பாக்ஸ்’ புலமும் எல்லைப்படல அடுக்குகளும் தேவை. ஒரு பருவத்துக்குள் இரண்டையும் முடிக்க முடியாது. தொட்டியை முடித்துவிட்டு, பெருக்கெண் மூன்றுக்கும் கிடைத்த தாழ்வையும் திருப்புத்திறனையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.